எங்கள் வீட்டில் 'செட்' கப் கிடையாது!



போன மாசம் கல்யாணப் பத்திரிகை வைப்பதற்காக உறவுக்காரர்கள் ஆறு பேர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காபி கலந்து தட்டில் வைத்து எடுத்துப் போனேன். ஆறு பேருக்கும் ஆறு தினுசுக் கப். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. ஒன்றில் நீலப்பூ, ஒன்றில் பச்சைச் சாயம் வழிந்திருக்கும். ஒன்றில் ஒரு டீத்தூள் கம்பெனியின் பெயர், இன்னொன்றில் 'முதல் பரிசு' என்று எழுதியிருக்கும். வந்திருந்த ஒரு அம்மா தன் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேங்குது? சந்தையில பொறுக்குனதா? நல்லதா ஒரு செட்டு வாங்கி வச்சுக்கக் கூடாதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் எங்கள் வீட்டுக் கப்புகள் ஏன் ஒன்றோடு ஒன்று சேராது என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பத்தாவது வரை படித்தவள். 2009-ல் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தேன். கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் சுவர்க் கடிகாரம் நான்கு, குத்துவிளக்கு இரண்டு, கப் - சாசர் செட் மூன்று. மூன்று செட்டையும் என் மாமியார் ஷோகேஸில் அடுக்கி, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டார். விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்க வேண்டும். கழுவித் துடைத்து மறுபடி அதே இடத்தில் வைக்க வேண்டும். வீட்டு ஆண்களுக்கு டவரா டம்ளர். பெண்களுக்கு எது கையில் அகப்படுகிறதோ அது. நிறைய வீடுகளில் இதுதானே வழக்கம்?

கல்யாணமான ஆறாவது மாசம், தங்கக் கோடு போட்ட செட்டில் ஒரு கப்பைக் கழுவும்போது கை தவறி உடைத்துவிட்டேன். "ஒரு கப்பு போனா போகுதுன்னு விட முடியுமா? செட்டே போச்சே!" என்று அத்தை ஒரு வாரம் புலம்பினார். மீதி ஐந்தும் நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் "அஞ்சு கப்பை வச்சுக்கிட்டு யாருக்குக் குடுக்கிறது?" என்று அந்த ஐந்தையும் அட்டைப் பெட்டியில் போட்டுப் பரண் மேல் ஏற்றிவிட்டார்கள். ஒரு கப் உடைந்ததற்கு ஆறு கப்புக்கான ஏச்சு வாங்கினேன். அன்றைக்கு ராத்திரி அழுதது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இனி என் காசில் கப் வாங்கினால் ஒற்றையாகத்தான் வாங்குவேன் என்று அப்போதே மனதில் முடிவு செய்துகொண்டேன்.

அப்படிச் சேர்ந்ததுதான் இப்போது எங்கள் சமையலறைப் பலகையில் இருப்பது. நாங்கள் இருப்பது கடலூர் மாவட்டம். பக்கத்து ஊரான விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர் போனது. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் பீங்கானுக்கு ஏற்றது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படிக்க அரசுக் கல்வி நிலையமே இருக்கிறது. அங்கே பொம்மையும் அகல் விளக்கும் செய்யும் ஒரு பட்டறையில், சாயம் வழிந்துவிட்டது என்று ஒதுக்கி வைத்திருந்த கப் ஒன்றைப் பதினைந்து ரூபாய்க்கு வாங்கினேன். என் முதல் கப் அதுதான்.

அப்புறம் புதுச்சேரிக்குப் போனபோது ஒன்று. அங்கே 1971-ல் ஒரு அமெரிக்கத் தம்பதி 'கோல்டன் பிரிட்ஜ்' என்ற பெயரில் மண்பாண்டப் பட்டறை ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் நிறைய பேர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள். கனமான, காவிநிறக் கப். விலை அதிகம். இரண்டு மாசம் பால் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கினேன். நீலப்பூ போட்டது, மைதானத்தில் வைக்கோலைப் பரப்பிப் பீங்கான் சாமான் விற்பார்களே, அங்கே வாங்கியது. உத்தரப்பிரதேசத்தில் குர்ஜா என்ற ஊரிலிருந்து லாரியில் வந்த சரக்கு என்றார் விற்றவர். அந்த ஊரே பீங்கானை நம்பிப் பிழைக்கும் ஊராம். இன்னொன்று டீத்தூளுக்கு இலவசம். 'முதல் பரிசு' கப், என் பெண் கோலப் போட்டியில் வாங்கியது.

கடைசியாக ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். பெரிய நாத்தனார் பையன் அமெரிக்காவில் வேலை செய்கிறான். 2019-ல் லீவுக்கு வந்தபோது கொண்டு வந்தான். கப் முழுவதும் ஒரே முகம்! உருட்டு விழி, பல்லைக் காட்டும் வாய், நீளமான நெற்றி. பார்த்தால் மரத்தில் செதுக்கியது மாதிரி இருக்கும், ஆனால் பீங்கான். 'டிக்கி மக்' என்று பெயராம். பசிபிக் கடலில் இருக்கும் தீவுக்காரர்கள் தங்கள் முன்னோர்களையும் சாமிகளையும் மரத்திலும் கல்லிலும் செதுக்கி வைப்பார்களாம். நியூசிலாந்தின் மாவோரி மக்களின் கதைகளில் முதல் மனிதனுக்கே 'டிக்கி' என்றுதான் பெயராம். 1930-களில் கலிபோர்னியாவில் மதுக்கடை வைத்தவர்கள் அந்தத் தீவு மாதிரிக் கடையை அலங்காரம் பண்ணி, பிற்பாடு அந்த உருவத்திலேயே கப் செய்து அதில் மது ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தார்களாம். அங்கே இதை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைக்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்று அவன் சொன்னான். "சாமி மூஞ்சியில சாராயமா?" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் அதில் பால்தான் என்று நான் சமாதானம் சொன்னேன்.

இதுவரை சொன்னது கப்புக் கதை. நான் எழுத வந்த விஷயம் இனிமேல்தான்.

எங்கள் வீட்டுக்கு ஒரு அக்கா பாத்திரம் தேய்க்க, வீடு துடைக்க வருகிறார். ஐம்பது வயது இருக்கும். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் காபி கொடுக்க ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. விளிம்பு நசுங்கியது. நான் கல்யாணமாகி வரும்போதே அது பின்வாசலில் துவைக்கிற கல் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குடித்துவிட்டு அவரே கழுவி அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போவார். யார் ஆரம்பித்த பழக்கம் என்று நான் கேட்டதே இல்லை. பன்னிரண்டு வருஷம் அந்த டம்ளரில் காபி ஊற்றியது யார்? என் மாமியார் இல்லை, நான்தான். டம்ளரைத் தொடாமல் உயரத் தூக்கி ஊற்றவும் பழகியிருந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் மறைத்தால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை.

2020-ல் கொரோனா வந்தது. நான்கு மாசம் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாதிச் சம்பளம் கொடுத்தோம். திரும்ப வந்தபோது எல்லா வீட்டிலும் தனி டம்ளர், தனித் தட்டு. "காலம் அப்படி" என்று சொல்ல வசதியாகப் போயிற்று. கொரோனா போய்விட்டது, டம்ளர் போகவில்லை.

2021 நவம்பரில் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். என் பெண் நாலாவது. புதுசாகப் புத்தகத்துக்கு அட்டை போட்டுவிட்டு, முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். தீண்டாமை பாவம், குற்றம் என்று பாடப்புத்தகத்தின் முன்னால் அச்சடித்திருப்பார்கள் அல்லவா, அதையும் படித்தாள். பின்வாசலில் அந்த அக்கா காபி குடித்துக்கொண்டிருந்தார். படித்துக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தவள், "அம்மா, ஆயாம்மா டம்ளர் மட்டும் ஏன் வெளியில இருக்கு?" என்று கேட்டாள்.

எனக்குத் திக்கென்றது. "அது... சுத்தத்துக்காகடா செல்லம்" என்றேன்.

"நம்ம கப்பு, தட்டு எல்லாத்தையும் கழுவறதே ஆயாம்மாதானே? அவங்க கழுவினா சுத்தம், அவங்க குடிச்சா மட்டும் சுத்தம் இல்லையா?"

சகோதரிகளே, இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பின்வாசலில் இருந்தவர் காதில் விழுந்திருக்கும். அவர் தலையைத் திருப்பவே இல்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவரை உள்ளே கூப்பிட்டு, "அக்கா, இனிமே இந்தப் பலகையில இருக்கிறதுல உங்களுக்குப் பிடிச்ச கப்பை எடுத்துக்குங்க" என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு அடி பின்னால் போனார். "வேணாம்மா. உடைஞ்சு கிடைஞ்சு போச்சுன்னா? அந்தத் தெருவுல ஒரு வூட்டுல கப்பு உடைஞ்சதுக்குச் சம்பளத்துல புடிச்சாங்க. ஒரு கப்புதாம்மா உடைஞ்சுது. செட்டே வீணாப் போச்சுன்னு ஆறு கப்புக்குப் புடிச்சுட்டாங்க" என்றார்.

அந்த ஆறு கப் கணக்கு எனக்கும் தெரிந்ததுதானே? நான் ஏச்சு வாங்கினேன், அவர் சம்பளத்தை இழந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். "இங்க செட்டே இல்லைக்கா. எது உடைஞ்சாலும் அது ஒண்ணுதான் போகும். நானே மாசத்துக்கு ஒண்ணு உடைக்கிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். பிறகு அந்த அமெரிக்காக் கப்பை எடுத்தார்! "இது எங்க ஊரு முனீஸ்வரன் மாதிரியே இருக்கும்மா" என்று சொல்லி முதல் முறையாக எங்கள் சமையலறையில் சிரித்தார்.

அத்தை சும்மா இருப்பாரா? ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "நீ மட்டும்தான் ஊர்ல இல்லாத நியாயக்காரி" என்றார். என் கணவர் இரண்டு பக்கமும் பேசாமல் பேப்பர் படித்தார்! அந்த நேரத்தில் ஒன்று நடந்தது. ஷோகேஸில் இருந்த இரண்டாவது செட்டை, யாரும் தொடக் கூடாது என்று அத்தை பொத்திப் பொத்தி வைத்திருந்த செட்டை, துடைப்பதற்காக எடுத்தபோது அடியில் 'போன் சைனா' என்று இருந்தது. அந்த நாத்தனார் பையனிடம் போனில் பேசும்போது அதென்ன என்று கேட்டேன். போன் என்றால் எலும்பு. இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் ஜோசையா ஸ்போட் என்பவர் பக்குவப்படுத்திய முறையாம். மாட்டு எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, களிமண்ணோடு கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி கலப்பதுதான் பழைய முறை. அந்த வெளுப்பும் மெலிசும் அதனால்தான் வருகிறது. எங்கள் வீடோ சுத்த சைவம். அந்தச் செட் பன்னிரண்டு வருஷமாகப் பூஜை அறைச் சுவரை ஒட்டி இருந்திருக்கிறது!

அத்தை நெடுநேரம் பேசவே இல்லை. பிறகு, "தெரியாம வச்சிருந்தோம். தெரியாததுக்குத் தோஷம் இல்ல" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. எது சுத்தம், எது அசுத்தம் என்று நாம் போடும் கணக்கு எவ்வளவு பலவீனமானது என்று அவருக்கே புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்றும் அவர் தன் சொந்த வெள்ளி டம்ளரில்தான் குடிக்கிறார். அது அவர் இஷ்டம். ஆனால் அந்த அக்கா வரத் தாமதமானால், "முனீஸ்வரன் கப்புல காபி ஆறுது பாரு" என்று குரல் கொடுக்கிறவரும் அவர்தான்.

"ஒரு கப்பைப் போய் இவ்வளவு பெரிய விஷயமாக்கணுமா?" என்று சிலர் கேட்கலாம். டீக்கடைகளில் ஒரு சாராருக்குத் தனிக் குவளை, கொட்டாங்குச்சி என்று கொடுத்த வழக்கம் நம் ஊர்களில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் அதற்குத் தண்டனைச் சட்டம் வந்தது. 1989-ல் இன்னும் கடுமையான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அம்பேத்கர் சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாயைத் தானே தொட முடியாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர், அவர் வராத நாளில் தாகத்தோடுதான் இருக்க வேண்டும். இதை அவரே எழுதியிருக்கிறார். டீக்கடையில் இரட்டைக் குவளை என்று செய்தி வந்தால் "அட அநியாயமே" என்கிறோம். அந்தச் செய்தியைப் படித்துக்கொண்டே நம் வீட்டுப் பின்வாசலில் நசுங்கிய டம்ளரில் காபி ஊற்றுகிறோம். கடையில் செய்தால் கொடுமை, வீட்டில் செய்தால் சுத்தமா?

"நாங்க சாதி பார்க்கலை, சுகாதாரம்தான் பார்க்கிறோம்" என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டலில் காபி குடிக்கிறோம். நமக்கு முன்னால் அந்த டம்ளரில் யார் குடித்தார் என்று கேட்கிறோமா? சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் ஓட்டல் டம்ளர் சுத்தமாகிறது, நம் வீட்டுக் கப் ஆகாதா? நிஜமாகவே சுகாதாரம் பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டியது வேறு. விளிம்பு பெயர்ந்த கப், உள்ளே கீறல் விழுந்து டீக்கறை ஏறிய கப், இவற்றில் அழுக்கு தங்கும். அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. "இது விரிசல், வேலைக்காரிக்கு வச்சுக்கலாம்" என்று எடுத்து வைப்பது இன்னும் மோசம். நான் விரிசல் விட்ட கப்பில் மண் போட்டுப் புதினாக் கொம்பு நட்டுவிடுவேன். நன்றாகத் துளிர்க்கிறது.

கப்பை மாற்றியதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அக்கா சமையலறை வாசற்படியில்தான் உட்கார்ந்து குடிப்பார். நாற்காலியில் உட்கார ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இன்னமும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார். கொரோனாக் காலத்தில் பிடித்த பாதிச் சம்பளத்தைத் தவணையாகத் திருப்பிக் கொடுத்தேன். மாசம் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு என்று இப்போதுதான் பேசியிருக்கிறோம். வீட்டு வேலை செய்பவர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-ல் நலவாரியம் அமைத்தார்கள். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பதிவு செய்ய இப்போதுதான் அலைந்துகொண்டிருக்கிறோம். இதையெல்லாம் பேச எங்களுக்கு வாய் வந்ததே, ஒரே மேஜையில் உட்கார்ந்து காபி குடிக்க ஆரம்பித்த பிறகுதான்.

செட் கப் வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அழகாக அடுக்கி வைப்பது ஒரு சந்தோஷம்தான். ஆனால் எங்கள் வீட்டில் நான் கண்டது இது. எல்லாக் கப்பும் ஒரே மாதிரி இருந்தபோது, சேராத அந்த ஒரு டம்ளர் யாருடையது என்று பார்த்தவுடன் தெரிந்தது. இப்போது எதுவுமே சேராது. அதனால் 'அது அவங்களோடது' என்று பிரித்துக் காட்ட எங்கள் பலகையில் ஒன்றும் இல்லை. முகம் போட்ட கப்பை ஒருநாள் என் பெண் எடுத்துக்கொள்வாள், அன்றைக்கு அக்கா கோலப் போட்டிக் கப்பில் குடிப்பார். போன மாசம் பத்திரிகை வைக்க வந்த அந்த அம்மாவுக்கு நான் கொடுத்த பச்சைச் சாயக் கப், அதற்கு முதல் நாள் அக்கா குடித்ததுதான். அதை அவரிடம் சொல்லும் தைரியம் அன்றைக்கு எனக்கு வரவில்லை. அவர் இந்தப் பகுதியை வாரம் தவறாமல் படிப்பவர். இதைப் படித்துவிட்டுக் கோபப்பட்டாலும் சரி, மறுபடி ஒருமுறை காபி குடிக்க வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சகோதரிகளே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடித்ததும் எழுந்து உங்கள் பின்வாசல் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே தனியாக ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தால், அதை எடுத்துக் கழுவி உங்கள் டம்ளர்களோடு சேர்த்து வையுங்கள். நாளைக் காலையில் அதில் நீங்கள் காபி குடியுங்கள். நான் குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. காபி காபியாகத்தான் இருந்தது.

- ஒரு இல்லத்தரசி, கடலூர் மாவட்டம்.